மாணவர் கச்சேரி: கட்டை பார்த்து வரிசை போடுங்கள்

பல்கலைக்கழக இசைத்துறைகளில் மாணவர் கச்சேரிக்குப் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வரிசை போடுகிறார்கள். இல்லையென்றால் முதலாண்டு முதலில், முதுகலை கடைசியில். இரண்டுமே சரிப்படாது. வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது சுருதி, அதாவது பாடகரின் ஆதார ஸ்வரத்தின் உயரம்; அதை அளப்பது கட்டையில்.

பாடும் பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் இருப்பார்கள். ஆண்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். இவர்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தால் ஒவ்வொரு முறையும் வயலின்காரர் நான்கு தந்தியையும் திருப்ப வேண்டும். அவ்வளவு தூரம் திருப்பிய தந்தி உடனே நிலைக்காது. தொடக்க உருப்படியான வர்ணம், ஸ்வரமாகவே பாடும் சிட்டை ஸ்வரத்துக்கு வருவதற்குள் பஞ்சமம் நழுவியிருக்கும். மிருதங்கம் இன்னும் பிடிவாதம். அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம்; ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகாது. தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஒன்று, ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். கடமோ சூளையில் என்ன சுருதியில் வெந்ததோ அதுதான். களிமண் ஒட்டி நூலளவு இறக்கிக்கொள்ளலாம், அவ்வளவே.

அதனால் ஐந்தரை, ஐந்து, நாலரை என்று முதல் பாதி. பிறகு இரண்டு, ஒன்றரை, ஒன்று. நடுவில் பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு வீணைக் கச்சேரி வைத்தால், பக்கவாத்தியக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து நிதானமாகச் சேர்த்துக்கொள்வார்கள். துறையில் இரண்டு வயலின் இருந்தால் ஒன்றை ஆண் சுருதிக்கே விட்டுவிடுங்கள். நாகஸ்வரம், தவில் மாணவர்களை மைக் இல்லாமல் மாலையில் முதலிலேயே வாசிக்க விடலாம். மூடிய அரங்கில் தவிலுக்கு மைக் வைப்பவர்களை என்ன சொல்வது!

அடுத்தது கடிகாரம். பாடகர் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு அழகு. மாணவருக்குக் கிடைப்பது ஒரு மணி. அதில் ஐந்து உருப்படிக்கு மேல் ஆசைப்படக் கூடாது. வர்ணம் 5 நிமிடம், விறுவிறுப்பான ஒரு சின்னப் பாட்டு 5, கொஞ்சம் ராகம் தொட்டு இரண்டாவது பாட்டு 8. பிரதான உருப்படிக்கு ஆலாபனை 7, வயலின் 4, பாட்டு 8, நிரவலும் (ஒரே வரியை விரித்துப் பாடுவது) ஸ்வரமும் 8, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி 7. கடைசியில் பாடும் சின்னப் பாட்டான துக்கடாவும் மங்கலமும் 5. கூட்டினால் 57. மீதி மூன்று நிமிடம் சுருதி சேர்க்கவே சரியாகப் போகும். ஆலாபனை நீண்டால் வெட்டுவது நிரவலை. வயலினின் பங்கை அல்ல. வயலினும் ஒரு மாணவர்தான், அவருக்கும் மதிப்பெண் உண்டு.

நேரம் கைமீறுவது தனியில்தான். மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, முறையைச் சுருக்கிக்கொண்டே போகும் குறைப்பில் எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), நாலு, இரண்டு, ஒன்று என்று இறங்கி, முடிப்புக் கோவைகளான மோராவும் கோர்வையும் சேர்ந்து வைப்பதற்குள் ஏழு பதினான்காகிவிடும். எட்டில் தொடங்காமல் நாலில் தொடங்கச் சொல்லுங்கள், பாதி மிச்சம். இன்னொன்று எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பாட்டு சமத்திலா (தாளத்தின் முதல் தட்டு), அரை இடம் தள்ளியா, ஒன்றரை இடம் தள்ளியா என்று மிருதங்க மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கோர்வையை அவர் அந்த இடத்துக்குத்தான் கணக்கு பண்ணி வருவார். பாடகர் தனி முழுக்கத் தொடையை விட்டுக் கையை எடுக்காமல் தாளம் போட வேண்டும். தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கும் அந்த நேரத்தில்தான் ஒரு விரல் எண்ணிக்கை விட்டுப்போகும். பிறகு கோர்வை சரியாக வந்து விழும், பாட்டு வராது.

ரவை பற்றியும் சொல்ல வேண்டும். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் நடுவில் அப்புகிற ரவையைத் தண்ணீர் விட்டு இளக்கமாகப் பிசைய வேண்டும். அதிகம் அப்பினால் தொப்பி மந்தமாகிவிடும். குறைந்தால் கும்கி என்ற கனத்த நாதம் எழாது, தட்டினால் டப்பாச் சத்தம். குளிர்சாதன அரங்கில் அது காய்ந்துகொண்டே வரும், தோலும் இறுகி வலது முகமான வலந்தலையின் சுருதி ஏறும். மழைக்காலத்தில் நேர்மாறு. அதனால் வாத்தியத்தை அரை மணி முன்பே மேடைக்குக் கொண்டுவந்து அங்கேயே சேர்க்க வேண்டும். வலந்தலையில் விளிம்புப் பின்னலை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்து, சுற்றிலும் சமமாகத் தட்டாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஏறி, சாப்பு என்ற அடி கோணலாக ஒலிக்கும்.

மேடையில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். வலந்தலை சபையைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போல இடது கை வாசிப்பென்றால் இரண்டு பேரையும் இடம் மாற்றுங்கள், மைக்குகளையும் சேர்த்து. பாடகருக்கு மைக் ஒரு சாண் தூரம். மின்தம்புராவை மானிட்டரில் (பாடகரைப் பார்த்து வைக்கும் ஒலிபெருக்கி) மட்டும் நன்றாகக் கொடுங்கள். சபைக்கு இழையாகக் கேட்டால் போதும். பாடகர் சுருதி விலகுவதற்குப் பாதி நேரம் காரணம், மானிட்டரில் மிருதங்கம் தம்புராவை விழுங்கிவிடுவதுதான். மேடை மின்விசிறி வேண்டாம். மைக்கில் அது புயலாகக் கேட்கும்.

பிரதான உருப்படியாகத் தமிழ்ப் பாட்டு எடுப்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடமில்லை என்ற குறையோடுதான் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. அந்த வாதம் இருக்கட்டும்; நிரவலைப் பாருங்கள். ஒரே வரியை வெவ்வேறு இடத்தில் மடக்கிப் பாட வேண்டும். தெலுங்கு தெரியாத மாணவர் சொல்லை நடுவில் உடைப்பார், அது உடைந்தது என்றும் தெரியாது. தமிழில் பாட்டு இயற்றிய முத்துத்தாண்டவரோ மாரிமுத்தாப் பிள்ளையோ பாடியதென்றால் எங்கே மூச்சு விடலாம் என்று நாக்குக்கே தெரியும்.

கச்சேரி முடிந்ததும் எல்லோரும் புகைப்படத்துக்கு நின்றுவிடுவார்கள். ரவையைச் சுரண்டி, ஈரத்துணியால் தொப்பியைத் துடைத்த பிறகுதான் மிருதங்கத்துக்கு உறை போட வேண்டும். அப்படியே மூடினால் மறுநாள் வகுப்பில் உறையைத் திறப்பவருக்குப் புளித்த வாடைதான் முதலில் வரும்.