ஹைவேவிஸ்: மேகத்துக்குள் ஒரு பேரூராட்சி

தேனி மாவட்டத்தின் 22 பேரூராட்சிகளில் ஏறத்தாழ எல்லாமே சமவெளியிலோ மலையடிவாரத்திலோ இருப்பவை. சந்தை, தேரடி, பேருந்து நிலையம், ஊரைச் சுற்றி வயலும் தென்னந்தோப்பும் என்று பேரூர் ஒன்றில் நாம் எதிர்பார்க்கும் அடையாளங்கள் அவற்றில் இருக்கும். ஹைவேவிஸ் பேரூராட்சியில் அவற்றைத் தேடினால் ஏமாந்து போவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் சோலைக்காடுகளுக்கும் அணைகளுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் மலைக் குடியிருப்புகளை ஒன்றாகச் சேர்த்து அரசு அதற்கு ஒரு பேரூராட்சி அலுவலகம் கொடுத்திருக்கிறது. மேகமலை, ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு ஆகிய ஏழும் அந்தப் பகுதியின் ஊர்கள். மதுரையிலிருந்து விடுமுறைக்குப் போகிறவர்கள் அத்தனையையும் "மேகமலை" என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். பனியையும் பசுமையையும் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த ஊர் எப்படி நடக்கிறது என்று எழுதுகிறவர்களைத்தான் காணோம்.

போகும் வழி எளிது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி கடந்து சின்னமனூர். (மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் பெருமையாகப் பொறித்து வைத்த செப்பேடுகள் கிடைத்தது இந்தச் சின்னமனூரில்தான் என்பதை, அங்கே தேநீருக்கு நிற்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.) அங்கிருந்து தென்பழனி வனத்துறைச் சோதனைச் சாவடி, அதற்கு மேல் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். பல ஆண்டுகள் இடுப்பை ஒடித்த அந்தச் சாலை புதிதாகப் போடப்பட்ட பிறகுதான் மதுரைக் கார்கள் அதிகம் ஏறத் தொடங்கின. கீழே திராட்சைப் பந்தலும் வாழையுமாக வெயிலில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு, பாதி மலை ஏறுவதற்குள் கண்ணாடிக்கு வெளியே பஞ்சுப் புகையாகி விடும்.

மேலே போனதும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி, இந்த நிலம் யாருடையது என்பதுதான். பதில் மூன்று பெயர்களில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தேயிலை நட்ட சரிவுகள் தனியார் தோட்ட நிறுவனத்தின் வசம். அணைகளும் அவற்றைச் சார்ந்த கட்டடங்களும் மின்வாரியத்தின் வசம். எஞ்சிய காடு வனத்துறையின் வசம். பேரூராட்சி இவற்றுக்கு இடையில் தெருவிளக்குப் போடுகிறது, குடிநீர்க் குழாய் பதிக்கிறது, குப்பை அள்ளுகிறது. வாக்களிக்கும் குடிமக்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் குடியிருக்கும் ஊரில் ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லை. நகர்ப்புற உள்ளாட்சி என்று சட்டம் சொல்லும் ஓர் அமைப்பு, சொந்த வீடு இல்லாத மக்களைக் கொண்டு இயங்குவது தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் எத்தனை இடத்தில் நடக்கும் என்று தெரியவில்லை. மலைத்தோட்டப் பகுதிகளுக்கு வெளியே இதைக் கற்பனை செய்வதே கடினம்.

தோட்டத்தில் வேலை காலையிலேயே தொடங்கிவிடும். இடுப்பைச் சுற்றித் தார்ப்பாயை இறுகக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகச் செடிகளுக்குள் இறங்குகிறார்கள். பனியில் நனைந்த தேயிலைச் செடி, இடுப்புக்குக் கீழே உடுப்பு முழுவதையும் ஐந்தே நிமிடத்தில் ஊற வைத்துவிடும் என்பதற்காக அந்தத் தார்ப்பாய். ஒரு மொட்டும் அதன் கீழ் இரண்டு இலையும் என்று விரல் நுனியால் கொழுந்து கிள்ளுவதைப் படங்களில் பார்த்திருப்போம். இப்போது பெரும்பாலும் கையில் இருப்பது கத்தரி. அதன் ஒரு பக்கத்தில் ஒரு சிறு பெட்டி பொருத்தியிருக்கும், வெட்டிய கொழுந்து அதில் விழுந்து நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் தொங்கும் பைக்குள் ஒரே வீச்சில் போகும். விரலால் கிள்ளுவதைவிட எடை கூடுகிறது, ஆனால் மணிக்கட்டும் தோளும் வலியெடுத்துப் போகின்றன. எடை போடும் நேரத்தில் சாலையோரம் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. தராசில் தொங்கும் மூட்டையின் எடையை மேற்பார்வையாளர் சொல்வதற்கு முன்னாலேயே அவரவர் கண் முள்ளைப் படித்துவிடுகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போட்டு அவர் எழுதும் எண்ணை, எழுதி முடிக்கும்வரை அவர்கள் நகராமல் நின்று பார்க்கிறார்கள். தேயிலை குடிக்கிறவர்களாகிய நாம் பார்க்க வேண்டிய இடம் மகாராஜாமெட்டுக் காட்சிமுனை மட்டும் அன்று.

லயன் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில்தான் இவர்களின் குடியிருப்பு. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துச் சுவர் பகிர்ந்த வீடுகள். முன்னால் ஒரு சிறு திண்ணை, பின்னால் அடுப்படி, விறகு அடுக்கிய ஓரம், கம்பளியும் குழந்தைத் துணியும் காயாமல் தொங்கும் கொடி. தொழிலாளருக்கு வீடு கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எடை போட்டு முடித்துவிட்டு வந்த ஒரு மூத்த பெண்மணியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ரிட்டையர் ஆனா பி.எஃப். பணத்தக் கையில குடுத்துட்டு வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க தம்பி. எங்க அம்மா இங்கதான் கொழுந்து எடுத்துச்சு, நானும் இங்கதான் பெறந்தேன். ஆனா கீழ எறங்கித்தான் சாகணும்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்தால் வீடு தங்கும். ஆனால் உத்தமபாளையத்துக் கல்லூரிக்குப் போய்ப் படித்த பிள்ளை திருப்பூருக்கோ சென்னைக்கோ போகுமே தவிரக் கொழுந்துக் கூடையைத் தூக்காது. பெற்றோரும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆக, பிள்ளை படித்து முன்னேறுவதே குடும்பம் ஊரை இழப்பதற்கான காரணமாகவும் அமைந்துவிடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் சின்னமனூர்ப் பக்கம் வாடகை வீடு பார்க்கிறார்கள், அல்லது இரண்டு தலைமுறைக்கு முன் விட்டு வந்த சொந்த ஊரில் உறவைத் தேடுகிறார்கள்.

பேரூராட்சி என்ற தகுதியால் இவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிராம ஊராட்சியாக இருந்திருந்தால் நூறு நாள் வேலைத் திட்டம் கிடைத்திருக்கும். அது ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது என்பதால், காட்டுக்கு நடுவே இருந்தாலும் சட்டப்படி நகரத்தவராகிவிட்ட இவர்களுக்கு அது இல்லை. ஊர் கூடிக் கேள்வி கேட்கும் கிராமசபையும் இல்லை. ஈடாகக் கிடைப்பது வார்டு உறுப்பினர்கள், அவர்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஒரு தலைவர், அரசு அனுப்பும் செயல் அலுவலர். அதிலும் 2011 தேர்தலில் வந்தவர்களின் காலம் 2016-இல் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 வரை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்தும் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரிகள் கையில் கிடந்தன. மதுரை மாநகராட்சியில் அந்த ஐந்தாண்டுகளில் ஒரு குழாய் உடைந்தால் ஆணையரிடம் போய்ச் சத்தம் போடலாம், பத்திரிகையில் படம் வரும். இரவங்கலாற்றில் குழாய் உடைந்தால் யாரிடம் போவது?

அந்தக் குழாய்க்கு வரும் தண்ணீர்தான் இந்த ஊரை நம் மதுரையோடு இணைக்கிறது. ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, தூவானம் என்று மலைமேல் அடுத்தடுத்து அணைகள் கட்டி மழைநீர் தேக்கப்படுகிறது. இரவங்கலாறு அணையிலிருந்து மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய் வழியாக நீர் சுருளியாறு மின்நிலையத்துக்குப் பாய்கிறது. 1978 முதல் இயங்கும் அந்த நிலையத்தின் திறன் 35 மெகாவாட். தூவானம் நிரம்பி வழிந்தால் கீழே சுருளி அருவியில் நீர் கொட்டும், ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் குளிப்பது அந்த நீரில்தான். சுருளியாறு, முல்லைப் பெரியாற்று நீரோடு சேர்ந்து வைகையில் கலக்கிறது. இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளில், வருசநாட்டுப் பக்கம், வைகையின் தாய் ஊற்றுகள் இருக்கின்றன. 1959-இல் திறந்த வைகை அணையின் 71 அடி நிரம்பியதா என்று நாம் தினமும் செய்தித்தாளில் தேடுகிறோம். சித்திரையில் அழகர் இறங்கத் தண்ணீர் விடுவார்களா என்று கவலைப்படுகிறோம். மலைமேல் மழை பெய்து, சோலைக்காடு அதைப் பிடித்து வைத்தால்தான் இந்தக் கவலைக்கெல்லாம் விடை உண்டு.

சோலைக்காட்டின் வளம் எத்தகையது என்பதற்கு ஒரு வௌவாலின் கதையே போதும். 1948-இல் ஹைவேவிஸ் மலையில், காப்பித் தோட்டங்கள் ஊடாடிய காட்டில், ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட நிர்வாகி ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து அனுப்பினார். சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்று சீட்டு எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அதைப் போட்டு வைத்துவிட்டார்கள். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா பின்னர் அதைக் கையில் எடுத்துப் பல்லையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று 1972-இல் அறிவித்தார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் இன்றும் இங்கே உண்டு. 2009-இல் மேகமலை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது, நாட்டின் 51-ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது.

காப்பகம் வந்ததை வரவேற்கிறேன். வைகைக்கு வேறு வழியில்லை. ஆனால் விலங்கோடு குடியிருக்கும் சுமை நமக்கு இல்லை, லயன் வீட்டுக்காரர்களுக்குத்தான். 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, சில நாட்களில் மேகமலைத் தோட்டங்களுக்குள் நடந்து வந்தது. அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைப்பதில் பேர்போன யானை அது. மே 27 அன்று அது கம்பம் நகருக்குள் ஓடிய காட்சியைத்தான் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு முந்தைய வாரங்களில் சுற்றுலாப் பயணிகளை மேலே விடாமல் தடுத்திருந்தார்கள், கொழுந்து எடுக்கிறவர்களோ அங்கேயேதான் இருந்தார்கள். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

சாலை நன்றான பிறகு விடுதிகள் பெருகியிருக்கின்றன. பேரூராட்சிக்கு அதனால் சிறிது வருமானமும், கொஞ்சம் இளைஞர்களுக்கு ஓட்டுநர் வேலையும் சமையல் வேலையும் கிடைக்கின்றன. சரிவுகளில் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டும் அதன் கணக்கில்தான் சேரும். எனக்கு இதைவிட அவசரமாகத் தோன்றுவது, ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சின்னமனூர், உத்தமபாளையம் பகுதியில் வீட்டுமனைப் பட்டா கொடுப்பது. மலைமேல் கொடுக்க முடியாது. காப்பகத்துக்குள் புதுக் குடியிருப்பு வரக் கூடாது என்பது நியாயம். ஆனால் அடிவாரத்தில் அரசால் நிச்சயம் இடம் தேட முடியும். இதைக் கேட்க வேண்டியது பேரூராட்சி மன்றம். ஒரு குடிமகன் தன் எல்லைக்குள் இருக்கும்வரை மட்டுமே அவனுக்குப் பொறுப்பு என்று மன்றம் நினைத்தால், அறுபது வயதுக்கு அருகில் வரும் ஒவ்வொருவரும் அந்த ஊரில் விருந்தாளிதான்.

போக விரும்புகிறவர்கள் சோதனைச் சாவடியில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்; இருட்டிய பிறகு விடமாட்டார்கள். சின்னமனூரிலிருந்து இரவங்கலாறு வரை பேருந்து உண்டு. அதில் போனால் மேலே இறங்குவதற்குள் இந்தப் பதிவில் உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளலாம், பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசுவார்கள்.