எச்சரிக்கை 1998-இல், இருட்டு 2007-இல்

தென்னாப்பிரிக்காவில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று பார்க்கத் தனிச் செயலியே உண்டு. மின்வெட்டு அவ்வளவு பழகிப்போன விஷயம்.

ஆனால் இது வானத்திலிருந்து விழுந்த பிரச்சினை இல்லை. 2007 வாக்கில் மின்சாரம் போதாது என்று 1998-இலேயே அரசின் எரிசக்திக் கொள்கை அறிக்கை எழுதி வைத்தது. அரசு மின் நிறுவனமான எஸ்காம் புது நிலையம் கேட்டது. தனியார் வரட்டும் என்று அரசு காத்திருந்தது. யாரும் வரவில்லை. சொன்ன கெடுவில் இருட்டு மட்டும் சரியாக வந்தது. எஸ்காம் சொன்னதே சரி, தவறு எங்களுடையது என்று அன்றைய அதிபர் தாபோ எம்பெக்கி ஒப்புக்கொண்டார். (அதையாவது செய்தாரே!)

அப்புறம் அவசரமாக மெடுபி, குசிலே என்று இரண்டு ராட்சத அனல்மின் நிலையங்கள். 2007-இல் தொடங்கிய மெடுபி 2021-இல்தான் முடிந்தது. முடிந்த சில நாளிலேயே ஒரு யூனிட்டில் வெடிவிபத்து.

நடுவில் குப்தா குடும்பம். பிற்பாடு அதிபரான ஜேக்கப் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்கள், நம் சகாரன்பூரிலிருந்து போனவர்கள். அவர்களோடு தொடர்புள்ள டெகெட்டா நிறுவனம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை வாங்க, எஸ்காமே சுமார் 66 கோடி ராண்ட் முன்பணம் கொடுத்தது. கரி வருவதற்கு முன்பே காசு! அரசு ஊழல்களை விசாரித்த நீதிபதி சோண்டோவின் ஆணையம் இதையெல்லாம் விசாரித்துப் பதிவு செய்திருக்கிறது.

மின்வெட்டுக்கு 2023-தான் உச்சம். பெரிய கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டுக்கொள்வார். வெல்டிங் பட்டறைக்காரர் என்ன செய்வார்? 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதம் வெட்டே இல்லை. பழைய யூனிட்களை ஒழுங்காகப் பராமரித்தது ஒரு முக்கியக் காரணம். 2025 ஜனவரி கடைசியில் மறுபடி வெட்டு.