சோஃபாவில் படுப்பவரும் வீடற்றவர்தான்

இங்கிலாந்தில் வீடற்றவர் என்றால் கடை வாசலில் போர்வையோடு கிடப்பவர் மட்டுமல்ல. தெரிந்தவர் வீட்டு சோஃபாவில் நாட்களை ஓட்டுபவரும், அடிக்குப் பயந்து சொந்த வீட்டில் இருக்க முடியாதவரும் 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி வீடற்றவர்களே. இது தெரியாமல் நம்மவர்கள் எல்லாக் கதவும் அடைத்த பிறகுதான் கவுன்சிலுக்கு (உள்ளூராட்சி மன்றத்துக்கு) போகிறார்கள்.

முதலில் விசாவைப் பாருங்கள். 'பொது நிதி கிடையாது' (அரசின் நலவுதவிகளைப் பெறக் கூடாது) என்ற நிபந்தனை இருந்தால் இந்த உதவியைப் பெறுவது நிபந்தனை மீறலாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற தொண்டு நிறுவனங்களில் ஆலோசனை கேட்காமல் எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் 1989ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சோஷியல் சர்வீஸிடம் (கவுன்சிலின் சமூக நலப் பிரிவிடம்) உதவி கேட்கலாம். அது பொது நிதிக் கணக்கில் வராது.

நிபந்தனை இல்லாதவர்களுக்கு முக்கியமான எண் 56. இன்னும் 56 நாளுக்குள் வீடு போய்விடும் நிலை என்றாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து இதுதான் சட்டம். ஆனாலும் "பெய்லிஃப் (வீட்டைக் காலி செய்யவைக்கும் கோர்ட் அதிகாரி) வரும் தேதி தெரிந்ததும் வாருங்கள்" என்று கவுன்டரில் திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. சண்டை போட வேண்டாம். "இன்று வீடற்றவர் விண்ணப்பம் கொடுக்கிறேன். எடுக்க மாட்டீர்கள் என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று சொல்லுங்கள். அன்று மாலையே அதை ஈமெயிலாகவும் அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. மொழி தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், போனிலேயே ஏற்பாடு செய்வார்கள். பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அடி உதையைப் பற்றி அதன் முன்னால் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்தவுடன் மரியாதைக்காகச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது பெரிய தவறு. தனி வீட்டில் வாடகைக்கு இருப்பவரைக் கோர்ட் உத்தரவில்லாமல் பெரும்பாலும் வெளியேற்ற முடியாது. அவசரப்பட்டு வெளியேறினால் 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று முத்திரை குத்த இடம் கொடுத்ததாகிவிடும். வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருப்பவர் கதை வேறு: அவரைக் கோர்ட்டுக்குப் போகாமலே, நியாயமான கால அவகாசம் மட்டும் கொடுத்து அனுப்பலாம். அதனால் அவர் இன்னும் சீக்கிரம் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

உறவினர் வீட்டில் இருப்பவருக்கு அந்த வீட்டுக்காரரின் கடிதம்தான் உயிர்நாடி. எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார், எங்கே படுக்கிறார், வீட்டில் மொத்தம் எத்தனை பேர், எந்தத் தேதியோடு போக வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கடிதத்தைப் பார்த்த ஆபிசர் அந்த வீட்டுக்கே போன் போடுவார். அக்காவோ சித்தப்பாவோ பெருந்தன்மையாக, "பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். கேஸ் அங்கேயே படுத்துவிடும். கடிதத்தில் உள்ளதைத்தான் போனிலும் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். நன்றி கெட்டவன் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் இங்கே உதவாது.

உடனடியாகத் தங்க இடம் கிடைப்பது 'முன்னுரிமைத் தேவை' உள்ளவர்களுக்குத்தான்: கர்ப்பிணி, பிள்ளைகளோடு இருப்பவர், குடும்ப வன்முறைக்கு ஆளாகி வீடிழந்தவர், முதுமையாலோ நோயாலோ பலவீனமானவர் போன்றோர். பிழைப்புக்கு வந்த, உடம்பில் குறையில்லாத தனி ஆள் இந்த வாசலில் நுழையவே முடியாது. இவ்வளவு பணமுள்ள நாட்டில் இது எங்களுக்கு இன்னும் செரிக்கவில்லை. அவருக்கும் வீடு தேட உதவ வேண்டிய கடமை கவுன்சிலுக்கு உண்டு. கவுன்சில் தனக்கென எழுதும் வீட்டுத் திட்டத்தில் டெபாசிட், முன்வாடகை உதவியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நோயைக் காட்டுபவர்கள் டாக்டர் கடிதத்தில் தோற்கிறார்கள். "மன அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளது" என்ற ஒற்றை வரி போதாது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஹோடக் வழக்கில் வைத்த அளவுகோல் இது: வீடில்லாமல் போனால் சாதாரண மனிதரைவிட இவர் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் பாதிக்கப்படுவாரா? கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை யூனிட் இன்சுலின், எத்தனை வேளை, பிரிட்ஜ் இல்லாமல் அதை எங்கே வைப்பார், வேளை தவறினால் என்ன ஆகும்? இப்படி எழுதச் சொல்லுங்கள். முகவரி இல்லாதவர்களும் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதியலாம்.

தற்காலிக இடம் தூரத்தில் இருந்தாலும் போய்விடுங்கள், மறுப்பது ஆபத்து. குடும்பத்தை பிஎன்பியில் (காலையுணவோடு அறை தரும் விடுதியில்) 6 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த இடத்தின் வாடகைக்குப் பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட் (அரசின் மாதாந்தர உதவித்தொகை) பணம் தராது, கவுன்சிலில் ஹவுசிங் பெனிபிட்டுக்கு (வாடகை உதவிக்கு) தனியாக விண்ணப்பம் போட வேண்டும். இதை மறந்து, குடியேறிய இரண்டே மாதத்தில் வாடகைக் கடனோடு நிற்பவர்கள் நிறைய.

முடிவுக் கடிதம் வந்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். எதிர்த்து மறுபரிசீலனை கேட்க 21 நாள். நிரந்தரமாகக் கொடுக்கும் வீடு சரியில்லை என்றாலும் இதே வழிதான்: வீட்டை ஏற்றுக்கொண்டே மறுபரிசீலனை கேட்கலாம். கடிதம் பழைய முகவரிக்குப் போனால் நாட்கள் தெரியாமலே கழியும். கவுன்சில் அலுவலகத்தில் நியாயமான காலம் அதை வாங்கிக்கொள்ள வைத்திருந்தாலே உங்களுக்குக் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது கவுன்டருக்குப் போய், பெயரைச் சொல்லி, கடிதம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.