கிணற்றுக்கு ஒரு விண்ணப்பம்

மூன்று இரவாக மானிய விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டு. யாழ்ப்பாண நகரத்துக் குடிநீர்க் கிணறுகளைக் காப்பாற்றக் காசு கேட்டு. 'பிரச்சினையைச் சுருக்கமாக விளக்குக' என்று ஒரு பெட்டி. சரி.

வருசம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றில் ஊறுகிறது. தோட்டத்து யூரியாவும் மலக்குழிக் கசிவும் இறங்குவது அதே வழியால். இரண்டும் தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பாகச் சேரும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கொதிக்கவைத்தாலும் போகாது, வற்ற வற்றக் கூடும். இதை அம்மா இன்னும் நம்பவில்லை, கேத்தில் கையோடு நிற்கிறா.

கேட்டது கிணற்றுக்கு மூடி, பக்கத்து வீடுகளுக்குக் கசியாத தொட்டி, மாதாமாதம் நீர்ப் பரிசோதனை. கடைசிப் பெட்டி, 'எதிர்பார்க்கும் விளைவு'. இப்போதைக்கு 'குடிக்கலாம்' என்று போட்டிருக்கிறேன்.