ஒட்டினா மட்டும் போதாது

ஆன்டிபாடி டிஸ்கவரி, அதாவது மருந்தாகக்கூடிய ஆன்டிபாடிய தேடற வேலைல சேர்ந்த புதுசுல எனக்கு அஃபினிட்டி நம்பர்தான், எவ்ளோ இறுக்கமா ஒட்டுதுங்கற அளவுதான் எல்லாமே. பிடி-1ங்கற புரதத்துக்கு எதிரா எடுத்த குளோன்கள்ல (ஒவ்வொரு குளோனும் ஒரு தனி ஆன்டிபாடி) ஒண்ணு, ஒட்டுதான்னு நிறத்துல காட்டற எலைசா டெஸ்ட் ப்ளேட்ல ஆசிட் விட்டதும் நீலம் போய் பளீர்னு மஞ்சளா நின்னுச்சு, ஒட்டறதையும் விடறதையும் அளக்கிற எஸ்பிஆர் மெஷின்ல பார்த்தாலும் ஒட்டினா விடவே மாட்டேங்குது, அன்னிக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கமே வரல.

அடுத்த வாரம் பிளாக்கிங் அஸே போட்டோம், அதாவது பிடி-1ல வந்து ஒட்டற ஜோடிப் புரதம் பிடி-எல்1ஐ நம்ம ஆன்டிபாடி தடுக்குதான்னு பார்க்கிற டெஸ்ட். ஒண்ணுமே இல்ல. பிடி-எல்1 அது பாட்டுக்கு வந்து பிடி-1ல உட்காருது, நம்ம ஆன்டிபாடி வேற பக்கத்த பிடிச்சுட்டு தொங்குது.

பிடி-1, கேன்சர் செல்ல கொல்லக்கூடிய இம்யூன் செல்லான டி செல்லோட பிரேக். கேன்சர் செல் தன் மேல பிடி-எல்1 வெச்சுக்கிட்டு அந்த பிரேக்க அமுக்கிடும். நம்ம மருந்து நேரா கேன்சர கொல்றதில்ல, அமுக்க விடாம குறுக்க நிக்குது, கொல்றது பேஷண்டோட சொந்த டி செல்தான். குறுக்க நிக்காத ஆன்டிபாடி எவ்ளோ இறுக்கமா ஒட்டி என்ன பிரயோஜனம்? 1992ல ஜப்பான் விஞ்ஞானி ஹோன்ஜோவோட லேப்ல பிடி-1ஐ கண்டுபிடிச்சாங்க, அத பிளாக் பண்ற மருந்துக்கு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதல் அப்ரூவல் குடுத்தது 2014ல. 22 வருஷம் ஏன் ஆச்சுன்னு அந்த வாரம்தான் கொஞ்சம் புரிஞ்சுது.

கடைசில கை குடுத்தது லிஸ்ட்ல கீழ கிடந்த ஒரு குளோன், அஃபினிட்டி சுமார்தான் ஆனா பிளாக்கிங் அருமை. அத மத்த இம்யூன் செல்ல அவ்வளவா கூப்பிடாத ஐஜிஜி4 வகை ஆன்டிபாடி ஆக்கினோம், ஏன்னா டி செல் மேல உட்கார்ற ஆன்டிபாடி மத்த இம்யூன் செல்ல கூப்பிட்டு அந்த டி செல்லையே காலி பண்ணிடக்கூடாது. ஐஜிஜி4க்கு பாதி பாதியா பிரிஞ்சு ஜோடி மாத்திக்கிற குணம் உண்டு, அத நிறுத்த ஆன்டிபாடி நடுவுல வளையற ஹிஞ்ச் பகுதில 228ஆவது இடத்துல செரினை எடுத்துட்டு புரோலின் வெக்கணும். ஒரே ஒரு அமினோ அமிலம், நினைச்சா இப்பவும் ஆச்சரியமா இருக்கு.

அப்புறம் எம்எல்ஆர், அதாவது பிரேக் எடுத்தா டி செல் நிஜமாவே வேலை செய்யுதான்னு ரெண்டு பேரோட செல்ல கலந்து பார்க்கிற டெஸ்ட். ஒருத்தர் ரத்தத்துல இருந்து டி செல், இன்னொருத்தர்கிட்ட இருந்து டி செல்ல தூண்டிவிடற டென்ட்ரிடிக் செல், ரெண்டையும் நம்ம ஆன்டிபாடியோட சேர்த்து வளர்த்து, தூண்டப்பட்ட டி செல் வெளிய விடற ஐஎல்-2ங்கற புரதத்த அளக்கணும். மூணு டோனர்ல ஜோரா ஏறுச்சு, நாலாவது ஆளுக்கு அசையவே இல்ல. பைப்பெட்டிங்ல தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சு திரும்ப போட்டேன், அதே ரிசல்ட். அந்த டோனர எடுத்துட்டு கிராஃப் போட்டுடலாமான்னு சீனியர் மேடம்கிட்ட கேட்டேன். "வேணாம்ப்பா, நாளைக்கு பேஷண்ட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார்ல, அவர எங்க எடுத்துவிடுவ?"ன்னாங்க. நாலு கோடும் அப்படியே கிராஃப்ல போச்சு.