அபர்டீன் வெயில்

"அக்கா, குளிர் தாங்க முடியுமா?" ஸ்காட்லாந்தின் அபர்டீனில் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தாங்கலாம். நல்ல கோட்டு, உள்ளே தெர்மல், காலுக்குக் கம்பளி சாக்ஸ் இருந்தால் போதும். மேற்குப் பக்கத்து மலைகள் மழையை வாங்கிக்கொள்வதால் கிளாஸ்கோவைவிட இங்கே மழையும் குறைவு. வெயிலைப் பற்றித்தான் ஒருவரும் கேட்பதில்லை. அதனால் அதை நானே எழுதுகிறேன்.

அபர்டீன் 57 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மாலை மூன்றரைக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து சுமார் 9 டிகிரிதான் ஏறும். அதே நாளில் எங்கள் பாளையங்கோட்டையில் 58 டிகிரியில் நிற்கும். மதியம் பன்னிரண்டரைக்கு விக்டோரியா பூங்காவில் நடந்தால் என் நிழல் என்னைப் போல் ஆறு மடங்கு நீளமாக விழுகிறது. அந்தப் பூங்கா நடுவில் 14 வகை கிரானைட்டில் கட்டிய நீரூற்று ஒன்று உண்டு, ஊர்க் கல்தச்சர்களும் கட்டடக்காரர்களும் கொடுத்தது. சாய்ந்த வெயில் படும்போது அந்தக் கல்லுக்குள் இருக்கும் மைக்காத் துகள்கள் ஒவ்வொன்றாக மின்னும். இந்த ஊர் வீடுகளெல்லாம் அந்தக் கல்தான். மேகமூட்டமாக இருந்தால் சாம்பல், வெயில் வந்தால் வெள்ளி. அழகில் குறையே சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெயிலால் நம் எலும்புக்கு ஒரு பயனும் இல்லை.

நான் ஃபாரஸ்டர்ஹில்லில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோவெட் ஊட்டச்சத்து ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வுக்கு வரும் தன்னார்வலர்களுக்குச் சாப்பாட்டை எடைபோட்டுக் கொடுப்பது என் வேலையில் பெரும் பங்கு. 40 கிராம் ஓட்ஸ் என்றால் சரியாக 40 கிராம். சாப்பிட்டவர் கிண்ணத்தை ரப்பர் கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தால் அதையும் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வோம். வருகிறவர்கள் பலரும் உள்ளூர்க்காரர்கள். எண்ணெய்க் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், மீன் வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அப்படி வந்த ஒரு பெரியம்மா, சின்ன வயதில் தினமும் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காட் மீன் எண்ணெய் குடித்த கதையைச் சொன்னார். போர்க்காலத்தில் அரசாங்கமே குழந்தைகளுக்கு அந்த எண்ணெயைக் கொடுக்கத் தொடங்கி, போர் முடிந்த பிறகும் பல வருடங்கள் தொடர்ந்தது. காரணம் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த நாட்டு வெயிலில் நம் தோல் வைட்டமின் டி செய்வதற்குப் போதுமான யுவிபி என்ற புற ஊதாக் கதிர் இருப்பதில்லை. சூரியன் தாழ்வாக நிற்பதால் கதிர் அதிக தூரம் காற்றைக் கடந்து வர வேண்டும், வழியிலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். கோடையில் கதிர் இருக்கும்தான், ஆனால் நம் கறுத்த தோலில் இருக்கும் மெலனின் அதில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். வெள்ளைக்காரருக்குக் கொஞ்ச நேரத்தில் கிடைப்பது நமக்குக் கிடைக்க அதிக நேரம் நிற்க வேண்டும். அதனால்தான் இங்குள்ள சுகாதாரத் துறை, மற்றவர்கள் குளிர்காலத்தில் மட்டும், தெற்காசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர் வருடம் முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 400 ஐயூ (வைட்டமினை அளக்கும் இன்னொரு அலகு) என்று டப்பாவில் போட்டிருக்கும்.

இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வதில்லை. 1960களிலும் 70களிலும் கிளாஸ்கோவில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைவால் எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோய் வந்தது. கால் வளைந்த பிள்ளைகள், இடுப்பெலும்பு வலியோடு தாய்மார்கள். பிறகு அங்கே வைட்டமின் டி கொடுக்கும் இயக்கம் நடத்தித்தான் அதைக் குறைத்தார்கள். எனக்கே முதல் குளிர்காலத்தில் தொடை கனத்து, படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வைட்டமின் டி மிகவும் குறைவு. மருந்து எடுத்த பிறகு வலி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. புதிதாக வருகிற பிள்ளைகள் "உடம்பெல்லாம் அசதியா இருக்குக்கா, ஊர் ஞாபகம் போல" என்று சொல்லும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஊர் ஞாபகமாகவும் இருக்கலாம், எலும்பாகவும் இருக்கலாம். பரிசோதித்துப் பாருங்கள்.

எங்கள் நிலையத்தை உருவாக்கிய ஜான் பாய்ட் ஆர் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். இளம் வயதில் கிளாஸ்கோவின் ஏழைப் பகுதியில் வாத்தியாராக இருந்து, வற்றிப்போன பிள்ளைகளைப் பார்த்தவர். 1914இல் அபர்டீனுக்கு வந்தார். 1920களின் கடைசியில் ஸ்காட்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பால் கொடுத்து, அவர்கள் உயரமும் எடையும் கூடுவதைக் காட்டினார். 1936இல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம், நாட்டில் பாதிப்பேருக்குச் சத்தான சாப்பாடு வாங்கக் காசு போதவில்லை என்பது. சாப்பிடத் தெரியாததால் வந்த குறை அல்ல, வருமானக் குறை என்று கணக்கு வைத்துக் காட்டினார். பிறகு ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பான எஃப்ஏஓவின் முதல் தலைமை இயக்குநர், 1949இல் அமைதிக்கான நோபல். பகுதிநேர வேலை பார்த்து, வாடகை கட்டிவிட்டு, ராத்திரி பிரெட்டும் நூடுல்ஸுமாகச் சமாளிக்கிற நம் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னது இன்றும் பொருந்துவதை உணர்கிறேன்.

அதனால் செலவு குறைந்த வழியையே சொல்கிறேன். சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பிராண்டு மாத்திரை போதும், விலை உயர்ந்தது வேண்டாம். சைவக்காரர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்: கேப்சூல் பல நேரம் ஜெலட்டின், உள்ளே இருக்கும் டி3 என்ற வைட்டமின் டி வகை பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. லைக்கன் என்ற கற்பாசி வகையிலிருந்து எடுத்த டி3யும் கிடைக்கிறது. இங்குள்ள பாலில் வைட்டமின் டி சேர்ப்பது வழக்கமில்லை, அதை நம்பாதீர்கள். அசைவக்காரர்களுக்கு மீன் இருக்கிறது. இங்கிருந்து வடக்கே பீட்டர்ஹெட், பிரிட்டனின் மிகப்பெரிய மீன்பிடித் துறைமுகம். மேக்கரல் நம் அயிலைக்குச் சொந்தம், ஹெரிங் நம் மத்திக்குச் சொந்தம். மேக்கரலைப் புளி கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தால், மறுநாள் அயிலைக் குழம்புக்கு ஒரு துளியும் குறையாது. ஹாடக் மீன் ருசியானது, ஆனால் அதில் எண்ணெய் குறைவு என்பதால் டியும் குறைவு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் 60,000 ஐயூ வைட்டமின் டி பாக்கெட்டை டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். அது 1,500 மைக்ரோகிராம். இங்கே பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 100ஐத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள்.

வைட்டமின் கிடைக்காது என்பதற்காகக் குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே இருந்துவிடவும் கூடாது. எங்கள் குழுத் தலைவி மதியம் பன்னிரண்டரை ஆனால் எல்லாரையும் வெளியே துரத்திவிடுவார். அந்த அரை மணி நேர வெளிச்சம் தூக்கத்துக்கும் மனசுக்கும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் ஜனவரியில் அது இல்லாமல் நான் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டேன்.

ஜூனில் எல்லாம் தலைகீழ். நான்கு மணி தாண்டியதும் விடிந்துவிடும், ராத்திரி பத்துக்குத்தான் சூரியன் இறங்கும். திரைச்சீலை தடிமனாக இல்லாவிட்டால் தூக்கம் வராது. நம் ஆட்கள் பழக்கத்தில் வெயிலைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். வேண்டாம், அரைக்கை சட்டையோடு கடற்கரைக்குப் போங்கள். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தால் பத்து நிமிடத்தில் எதிரே இருப்பவர் தெரியமாட்டார், கையில் ஒரு ஜாக்கெட் இருக்கட்டும்.

வந்த முதல் வாரத்திலேயே ஜிபியிடம் (உங்கள் பகுதிப் பொது மருத்துவர்) பெயர் பதிந்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் 2011 முதல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. எலும்பு வலி, படியேறச் சிரமம் என்றால் "சும்மா அசதி" என்று சொல்லாமல், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று தெளிவாகச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் முதல் சந்திப்பிலேயே வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள்.