வாராந்தரப் பராஷா: ஓராண்டு விடாமல் படித்து முடிக்க

யூதர்களின் வேதமான தோராவின் ஐந்து நூல்களும் (ஆதியாகமம் முதல் உபாகமம் வரை) 54 பராஷாக்களாக, அதாவது வாராந்தர வாசிப்புப் பகுதிகளாக, பிரிக்கப்பட்டுள்ளன. சிம்காத் தோரா பண்டிகையில் தொடங்கி அடுத்த சிம்காத் தோராவுக்குள் அத்தனையும் ஜெப ஆலயங்களில் வாசித்து முடிக்கப்படும். மொத்தம் 5,845 வசனங்கள். பராஷாவுக்குச் சராசரியாக 108. ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு பராஷாவும் ஏழு ஆலியாக்களாக, அதாவது ஏழு பேரை அழைத்து ஏழு பகுதிகளாக, வாசிக்கப்படுகிறது. தனியாகப் படிப்பவருக்கும் இந்தப் பிரிப்பே கைகொடுக்கும்: ஞாயிறு முதல் ஆலியா, திங்கள் இரண்டாவது, சனிக்கிழமை ஏழாவது. நாளுக்குப் பதினைந்து வசனம் பெரிய சுமையல்ல. வெள்ளி இரவில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைப்பவர்கள்தான் சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார்கள்.

படிக்கும் முறை யூத மரபுச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது: மூலம் இருமுறை, அரமேய மொழிபெயர்ப்பான ஓங்கெலோஸ் ஒருமுறை. எபிரேயம் தெரியாதவர்கள் தமிழில் இருமுறை வாசித்துவிட்டு, மூன்றாவது சுற்றை இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரையோடு வாசிக்கலாம். முதல் வாசிப்பில் எதையும் குறிக்காதீர்கள். இரண்டாவதில், எங்கே சொல் மிகையாக அல்லது குறைவாகத் தோன்றுகிறதோ அங்கே மட்டும் கோடிடுங்கள். ராஷி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பேசுவார். கேள்வி கையில் இல்லாமல் உரைக்குள் போனால் பதில் மனதில் நிற்காது.

தமிழ் வேதாகமத்தை வைத்துப் படிப்பவர்கள் தவறாமல் தடுமாறும் இடம் வசன எண். எபிரேயப் பதிப்பும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் சில அதிகாரங்களை வேறு இடத்தில் வெட்டுகின்றன. ட்ஸாவ் பராஷா எபிரேயத்தில் லேவியராகமம் 6:1. தமிழில் அது 6:8. வயிஷ்லாஹ் அங்கே ஆதியாகமம் 32:4, இங்கே 32:3. நித்ஸாவிம் அங்கே உபாகமம் 29:9, இங்கே 29:10. அட்டவணை எண்ணை அப்படியே நம்பித் திறந்தால், ட்ஸாவ் வாரத்தில் ஏழு வசனம் முந்தியே தொடங்கிவிடுவீர்கள். பராஷாவின் தொடக்க வாக்கியத்தை ஒத்துப்பார்த்த பிறகே புத்தகத்தில் குறியிடுங்கள்.

நாட்காட்டி அடுத்த சிக்கல். பதின்மூன்று மாதம் கொண்ட ஆண்டில் வாரங்கள் கூடும். சாதாரண ஆண்டில் குறையும். குறைவை ஈடுகட்ட ஏழு பராஷா இணைகள் தேவைக்கேற்பச் சேர்த்து வாசிக்கப்படுகின்றன. அவற்றுள் மத்தோத்–மஸ்ஸே மட்டும் 244 வசனம். அந்த வாரத்துக்கு நேரத்தை முன்பே ஒதுக்குங்கள். இஸ்ரேலுக்கு வெளியே பஸ்காவின் எட்டாம் நாள் ஓய்வுநாளில் விழுந்தால் அன்று பண்டிகை வாசிப்பு நடக்கும். இஸ்ரேலில் அது சாதாரண ஓய்வுநாள் என்பதால் அடுத்த பராஷாவுக்குப் போய்விடுவார்கள். 2022இல் இப்படி விழுந்த இடைவெளி ஜூலை இறுதியில்தான் சரியானது. இரண்டு அட்டவணைகளில் ஒன்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொண்டு அதிலேயே இருங்கள்.

ஆர்வம் வடிந்துபோகும் கட்டம் தெரூமா (யாத்திராகமம் 25). கதை நின்று ஆசரிப்புக் கூடாரம், அதன் பொருட்கள் ஆகியவற்றின் அளவுகள் தொடங்குகின்றன. இங்கே படிப்பதைவிட வரைவது பலன் தரும்: உடன்படிக்கைப் பெட்டி இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம், மேஜை இரண்டு முழம், ஒரு முழம், ஒன்றரை முழம். ஒரே தாளில் இரண்டையும் வரைந்து வைத்திருந்தால், சில வாரம் கழித்து வயக்ஹேல் பராஷாவில் இதே பொருட்கள் மறுபடி வரும்போது வரிசை மாறியிருப்பது கண்ணில் படும். தெரூமாவில் பெட்டி முதலில், கூடாரம் பிறகு. வயக்ஹேலில் கூடாரம் செய்து முடித்த பின்தான் பெட்டி. வெறும் திரும்பக் கூறல் என்று தாண்டிப் போகிறவர்கள் இந்த அழகான இடத்தை இழக்கிறார்கள்.

ஹஃப்தரா என்னும் தீர்க்கதரிசிகள் பகுதியை வெள்ளியன்று வாசித்து, பராஷாவோடு இணைக்கும் சொல் எது என்று தேடுங்கள். நோவாக் (நோவா) வாரத்தில் அது ஏசாயா 54:9இல் நேராகவே கிடைக்கும். ஷெமோத் வாரத்தில் அஷ்கெனாசியர் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) ஏசாயாவையும் செபார்தியர் (ஸ்பானிய மரபு யூதர்) எரேமியாவையும் வாசிப்பதால், உங்கள் பட்டியல் யாருடையது என்பதைப் பாருங்கள்.

ஒரு வாரம் தவறினால் புதன்கிழமைக்குள் ஈடுசெய்யலாம் என்று யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூக் இடம் தருகிறது. அதற்கும் முடியாவிட்டால் நடப்பு வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டதைச் சிம்காத் தோராவுக்குள் முடிக்கலாம்.

கடைசிப் பராஷா வெஸோத் ஹபெராகா 41 வசனம். அது சிம்காத் தோரா அன்றே வாசிக்கப்படுவதால் அதற்கெனத் தனி வாரம் கிடைக்காது. அதற்கு முந்தைய கூடாரப் பண்டிகை நாட்களில் படித்துவிடுங்கள். இஸ்ரேலுக்கு வெளியே சிம்காத் தோரா வெள்ளிக்கிழமை வந்தால் மறுநாளே பெரேஷித், 146 வசனம். அந்த ஆண்டில் அதையும் பண்டிகை வாரத்திலேயே தொடங்க வேண்டியிருக்கும்.